யாரும் எடுத்துக்கொள்ளலாம்

சுபியான் காக்கா மைக்கைத் தொட்டால் ஊரில் யாரோ மௌத்தாகிவிட்டார் என்று அர்த்தம். நல்ல செய்தி சொல்ல அவரை யாரும் கூப்பிட்டதில்லை. பெருநாள் பிறையை அறிவிக்க இமாம் இருக்கிறார். காணாமல் போன ஆட்டுக்கும் தண்ணீர் வெட்டுக்கும் பாங்கு சொல்லும் மோதினார் இருக்கிறார். ஜனாஸா அறிவித்தல், அதாவது சாவுச் செய்தி என்றால் மட்டும் சுபியான். சாய்ந்தமருது நடுத்தெருப் பள்ளிவாசலில் இது எழுதி வைக்காத ஏற்பாடு.

அவர் பெரிதாகப் படித்த ஆளில்லை. வாய்ப்பாடு பாடமாக்கச் சொன்ன வருஷமே பள்ளிக்கூடத்தை விட்டுக் கடற்கரைக்கு ஓடியவர். மீன் ஏலம் கூறிக் கூறித் திறந்த தொண்டை அது. அலைச் சத்தத்தையும் முதலாளிமாரின் சண்டையையும் தாண்டிப் போக வேண்டிய தொண்டை. வயது ஏறி ஏலத்தை விட்ட பிறகு ஒரு நாள் மோதினாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பள்ளியில் நின்ற சுபியானைப் பிடித்து மைக்குக்கு முன்னால் விட்டார்கள். அன்று பிடித்தது, விடவில்லை.

அவர் அறிவிக்கிற முறையே வேறு. பெயரையும் முகவரியையும் வாசித்துவிட்டு இறங்கிப் போகிறவர் அல்ல. வெறும் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் யாருக்கு விளங்கும்? ஒரே பெயரில் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறது. சுபியான் முதலில் தெருவைச் சொல்வார். பிறகு இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இன்ன கடைக்காரரின் மச்சான், கத்தாரில் இருக்கும் இன்னாரின் வாப்பா என்று உறவை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். கேட்கிற எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு நூல் இழுபடும். கடைசிவரை நின்று கேட்கிற ஆள் குறைவு. குரல் வந்ததுமே, மௌத்துக்குச் சொல்கிற 'இன்னாலில்லாஹி' வாயில் வந்துவிடும். தெருவின் பெயர் காதில் விழுந்ததும் ஆண்கள் தொப்பியைத் தேடுவார்கள், பெண்கள் அபாயாவைத் தேடுவார்கள். எந்த வீடு, எத்தனை மணிக்கு அடக்கம் என்பதெல்லாம் போகிற வழியில் விசாரித்துக்கொள்கிற விஷயம்.

அந்தக் குரலைக் கேட்டுச் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போன ஒருவரும் ஏமாந்து திரும்பியதில்லை. சுபியானுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே பெருமை அதுதான்.

அப்படிப்பட்ட குரல் வினாயகபுரத்தில் பிளாஸ்டிக் கதிரை விற்றது.

சங்கதியைச் சொன்னவர் வேலப்போடி. வினாயகபுரத்தில் தோணி வைத்திருப்பவர், ஏலம் கூறிய காலத்திலிருந்து சிநேகிதம். இரண்டு பேரும் நல்லது கெட்டதுக்குத் தவிர போனில் கதைப்பதில்லை. அதனால் அன்று முற்பகல் போன் வந்தபோது யாருக்கு என்ன என்றுதான் சுபியான் கேட்டார்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல மச்சான். நீ எப்பயிருந்து கதிரை விக்கிறாய்?"

சுபியானுக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. வேலப்போடி விளக்கவும் இல்லை. போனைத் தெருப்பக்கம் நீட்டிப் பிடித்தார். ஓட்டோ ஒன்றின் இரைச்சலுக்குள்ளிருந்து சுபியானின் குரல் வந்தது. கை வைத்த கதிரைகள் இருக்கின்றன, வாளிகள் இருக்கின்றன, பிள்ளைகளைக் குளிப்பாட்டும் பேசின்கள் இருக்கின்றன, உடைந்த கதிரையைக் கொடுத்துப் புதியதை வாங்கலாம். ஜனாஸாத் தொழுகை எத்தனை மணிக்கு என்று சொல்கிற அதே நிதானம். 'சகோதர சகோதரிகளே' என்பதில் அதே இழுப்பு. வாழ்நாளில் அவர் வாயில் வராத வசனங்கள், அவருடைய வாயிலிருந்தே வந்துகொண்டிருந்தன.

"கேட்டியா? நான் சட்டையத் தேடிட்டன், சாவுக்கு வாறத்துக்கு," என்றார் வேலப்போடி.

சுபியான் போனை வைத்தார். பெண்சாதி ஸம்ஸியா என்ன என்று கேட்டாள். சொன்னார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வீட்டுல கத்துறதையும் சேத்து எடுத்திட்டுப் போகச் சொல்லுங்க," என்றாள். அவர் சாறனை இறுக்கிக் கட்டிக்கொண்டு பள்ளிக்கு நடந்தார்.

பள்ளிச் செயலாளர் ஹாதிக், பாடசாலை ஆசிரியர், பொல்லாத ஆளில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஜனாஸா அறிவித்தல்களைப் பள்ளியின் முகநூலில் போடுவது வழக்கம். அந்த ஒலிப்பதிவுகள் எல்லாம் சேர்ந்து கிடந்தன. அரசாங்கம் நாட்டின் எல்லாப் பக்கத்துப் பேச்சையும் சேர்த்து ஒரு குரல் களஞ்சியம் செய்கிறது. கணினி எங்கள் தமிழைக் கேட்டுப் படித்து, எங்கள் தமிழில் திருப்பிக் கதைப்பதற்காம். வெள்ளம், புயல், கடல் பெருக்கு என்றால் கொழும்பிலிருந்து வருகிற எச்சரிக்கையை இங்கே ஒருவரும் மதிப்பதில்லை, அது செய்தி வாசிக்கிற தமிழ். ஊர்க் குரலில் வந்தால் உயிர் தப்பும் என்று கேட்டார்கள். நிர்வாகம் கூடிப் பேசி, பதிவுகளைக் கொடுத்து, பள்ளியின் பெயரில் கையொப்பமும் வைத்துவிட்டது.

"அப்ப கதிரை?"

ஹாதிக் பிடரியைச் சொறிந்தான். களஞ்சியம் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டிருக்கிறது என்றான். அப்படியென்றால் எவரும் எடுக்கலாம், எதற்கும் பாவிக்கலாம், வியாபாரமும் செய்யலாம். எங்கே எடுத்தது என்று மட்டும் சொன்னால் போதும். அந்த ஓட்டோக்காரனுக்கு யாரோ ஒருவன் கணினியில் அந்தக் குரலைக் கதைக்க வைத்து விளம்பரம் செய்துகொடுத்திருக்கிறான்.

"என்னட்டக் கேக்கணும் எண்டு ஒருத்தனுக்கும் தோணல்லயா?"

"பள்ளிட பதிவுதானே காக்கா. பள்ளிட அம்பிளிபயர், பள்ளிட மைக்."

"அம்பிளிபயர் பள்ளிட. தொண்டை ஆருட?"

ஹாதிக் சமாதானம் சொன்னான். இது தொடர்ந்து நன்மை வருகிற காரியம், நாளைக்கு ஒரு உயிர் தப்பினாலும் அந்தக் கூலி சேரும் என்றான். கேட்டுத் தந்திருந்தால் அந்த நன்மையில் தனக்கும் கொஞ்சம் கிடைத்திருக்கும், இப்போது நிர்வாகம் முழுவதையும் அடித்துக்கொண்டு போய்விட்டதே என்று சொல்லிவிட்டு சுபியான் படியிறங்கினார்.

அவருக்கு எரிச்சல் கதிரையில் இல்லை. நாளைக்கு எவனாவது ஒருவன் உயிரோடு இருக்கிற மனிதனை அந்தக் குரலில் சாகடித்தால்? பெற்ற உம்மா கேட்டால் நெஞ்சு வெடிக்காதா? ஒரு முறை பொய்யாகப் போனால் போதும், அதற்குப் பிறகு உண்மையாகச் சொன்னாலும் சனம் இருந்த இடத்தைவிட்டு எழும்பாது. அவர் கட்டிக்காத்தது அவ்வளவும் போய்விடும். குரலைத் திருப்பி வாங்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை, ஆனால் வாங்க வேண்டும்.

களஞ்சியத்து அலுவலர்கள் இருக்கும் கந்தோர் கல்முனையில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. கந்தோர் என்று எழுதியிருக்கிற இடத்துக்குப் போனாலே சுபியானுக்கு முகம் கல்லாகிவிடும். கதிரையைக் காட்டி இருக்கச் சொல்கிறவனை அவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்படுவார். அங்கே இருந்தது பஸ்மினா என்ற பிள்ளை. மருதமுனைக்காரி, ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். அவர் வந்த விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்பே அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. குரல்தான் காரணம்.

அவள் மழுப்பவில்லை. "எங்கட பிழைதான் மாமா. குரலும் ஒரு ஆள்ட சொந்தத் தகவல்தான், சட்டத்துல இரிக்கி. பள்ளிட கையொப்பம் போதாது. உங்களட்ட வந்து கேட்டிரிக்கணும்," என்றாள்.

இவ்வளவு லேசில் பிழையை ஒப்புக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. இதற்குள் இன்னொரு பிழை ஒளிந்திருக்கும் என்று நினைத்தார். ஏன் இப்படி வாசலைத் திறந்துபோட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னது அவருக்கு முழுதாக விளங்காவிட்டாலும் பாதி விளங்கியது. பூட்டி வைத்தால் காசுள்ள பெரிய கொம்பனிகள் மட்டும்தான் வாங்கும். அவர்களுக்குக் கல்முனைத் தமிழும் ஒன்றுதான், கத்தரிக்காயும் ஒன்றுதான். திறந்து வைத்தால் இங்கே இருக்கிற பிள்ளையும் எடுக்கலாம். ஒலுவிலில் ஒருவன் இதை வைத்துத்தான் கண் தெரியாத தன் கூட்டாளிக்குப் புத்தகம் வாசிக்கிற ஏற்பாடு செய்திருக்கிறான்.

"அந்தப் புத்தகத்தையும் நானா வாசிக்கிறன்?"

"ஓம் மாமா. அவனுக்கு விருப்பமான குரல் எண்டு உங்களத்தான் தெரிஞ்செடுத்திரிக்கான்."

சுபியான் அது கிடக்கட்டும் என்பதுபோல் கையை அசைத்தார்.

பஸ்மினா இருக்கிற நிலைமையைச் சொன்னாள். அவர் ஒரு கடிதத்தில் கையொப்பம் வைத்தால் களஞ்சியத்திலிருந்து அவருடைய பதிவுகளை எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு புதிதாக ஒருவரும் எடுக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போனவர்களிடம் திருப்பிக் கேட்க முடியாது. திறந்த உரிமத்தின் குணம் அப்படி, கொடுத்தது கொடுத்ததுதான். இன்னொன்றும் இருக்கிறது. வருகிற வாரம் கரையோரப் பள்ளிகள் எல்லாவற்றிலும் கடல் பெருக்கு ஒத்திகை. எச்சரிக்கையை அவருடைய குரலில்தான் செய்து வைத்திருக்கிறார்கள். அவர் இப்போதே விலகினால் கொழும்புக் குரலைத்தான் போட வேண்டிவரும்.

அவர் அதைக் கேட்க வேண்டும் என்றார். அவள் கணினியில் போட்டுக் காட்டினாள். அஸ்ஸலாமு அலைக்கும். கடற்கரை வீதியிலும் அதைச் சூழவும் வசிக்கும் சகோதர சகோதரிகளே. அடுத்த வசனங்கள் கடலைப் பற்றியும், மேட்டுப் பக்கம் போவதைப் பற்றியும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்வதைப் பற்றியும் வந்தன.

"மூச்சு எடுக்காம கதைக்கிது," என்றார் சுபியான். "நான் எண்டா 'வீதி'க்குப் பொறகு மூச்சு எடுப்பன்."

ஆனாலும் காதைத் திருப்பவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னார். தன் குரல் ஒருவர் மௌத்தாகுமுன் போய்ச் சேருகிறதை அவர் அன்றுதான் கேட்டார். உள்ளுக்குள் என்னவோ இளகியது. அதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒத்திகை முடியட்டும், அதற்குப் பிறகு கடிதத்தைப் பார்க்கலாம் என்று சொன்னார். ஒரு நிபந்தனை போட்டார். அது தன்னுடைய குரல் என்று ஊருக்கு முன்கூட்டியே அறிவிக்கக் கூடாது. கதிரைக் கதை வினாயகபுரத்தோடு நிற்கட்டும், இங்கேயும் பரவினால் பொடியன்மார் சும்மா விடமாட்டார்கள். பஸ்மினா தலையாட்டினாள். யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்துக்குப் பிறகு ஒத்திகையைப் பற்றி அறிவித்தார்கள். கடைகளில் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில் எச்சரிக்கை வந்ததும் பிரதான வீதியைத் தாண்டி, மேற்குப் பக்கப் பாடசாலை மைதானத்துக்கு வர வேண்டும். மைதானத்தில் தண்ணீர்ப் போத்தலோடு அதிகாரிகள் நிற்பார்கள். யாருடைய குரல் என்று பிரசுரத்தில் இல்லை.

ஒத்திகை நாள் காலை சுபியான் பிட்டும் மீன் ஆணமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸம்ஸியா அடுப்படியில் நின்றாள். ஒலிபெருக்கி சிணுங்கியது. குரல் வந்தது.

"இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்," என்றார் சுபியான்.

சொல்லி முடித்த பிறகுதான் அது தானென்று அவருக்கு ஞாபகம் வந்தது.

ஸம்ஸியா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கடற்கரை வீதியாம். ஆரு மௌத்து?" என்று அவரிடமே கேட்டாள். அவர் முன்னால்தான் இருக்கிறார், வாயில் பிட்டு இருக்கிறது, பள்ளியில் அவர் இல்லை என்பது அவளுக்கும் உறைக்கவில்லை. குரல் வந்தால் மௌத்து, அவ்வளவுதான். அவள் அபாயாவை எடுக்க அறைக்குள் போய்விட்டாள்.

சுபியான் கை கழுவாமல் தெருவுக்கு ஓடினார். பார்த்ததை அவரால் நம்ப முடியவில்லை. குரல் இன்னும் முடியவில்லை, மேட்டுப் பக்கம் போகும்படி பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது, ஆனால் அதைக் கேட்க வீடுகளில் ஆளில்லை. சனம் கிழக்கே, கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தொப்பி போட்டுக்கொண்டு ஆண்கள், இரண்டு மூன்று பேராகப் பெண்கள், பாதி சவரம் செய்த முகத்தோடு ஒருவர். அடக்கம் செய்கிற மையவாடியும் அந்தப் பக்கம்தான், கடற்கரை மணலில். குழி வெட்டுகிற கூட்டத்துப் பொடியன்மார் சொல்லாமலே மண்வெட்டியோடு மோட்டார் சைக்கிளில் பறந்தார்கள். ஊரில் பாதி கடலை நோக்கி நடந்தது. நிதானமாக, மரியாதையாக, ஒரு அவசரமும் இல்லாமல்.

சந்தியில் நின்று இரண்டு கையையும் விரித்து மறித்தார். அது மௌத்து இல்லை, ஒத்திகை, திரும்பிப் போங்கள் என்று ஏலம் கூறிய தொண்டையை முழுதாகத் திறந்து கத்தினார். அதனால்தான் காரியம் இன்னும் கெட்டது. அவருடைய சத்தம் கேட்டதும் முன்னால் போனவர்களும் திரும்பி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எந்த வீடு காக்கா?"

"ஒரு வீடுமில்ல. போங்க திரும்பி."

"திடீரெண்டா? சுகமில்லாம கெடந்தாங்களா?"

"ஒருத்தரும் மௌத்தாகல்ல எண்டு சொல்றன்."

"அப்ப இன்னும் உயிர் இரிக்கா?" என்று கேட்டார் தேத்தண்ணிக் கடைக்காரர், உண்மையான கவலையோடு.

சுபியான் என்ன சொன்னாலும் அவர்கள் மௌத்தைத்தான் கேட்டார்கள். கத்தக் கத்தக் கூட்டம் கூடியது. தூரத்து ஒழுங்கைகளிலிருந்தும் சனம் வந்தது, சுபியானே தெருவுக்கு இறங்கிக் கத்துகிறார் என்றால் சின்ன மௌத்தாக இருக்காது என்று. உண்மையாகவே கடல் எழும்பியிருந்தால் இத்தனை பேரையும் தான்தானே கூட்டிக்கொண்டுபோய் அதன் வாயில் கொடுத்திருப்போம் என்று நினைத்துக் கத்துவதை நிறுத்தினார்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் இன்னொரு குரல் வந்தது.

"சனம் கடலுக்குப் போகுதாம் சேர், திறப்பத் தாங்க, இஞ்ச தாங்க." ஏதோ உருண்டு விழுந்த சத்தம். பிறகு நேராக: "ஒருத்தரும் மௌத்தில்ல. இது ஒத்திகை. கடற்கரைக்குப் போகாதீங்க. மெயின் ரோட்டுப் பக்கம் வாங்க. பிள்ளைகளப் புடிச்சிட்டு வாங்க."

தெரு அப்படியே நின்றது.

அந்தப் பள்ளியின் ஒலிபெருக்கியில் ஒரு பெண்ணின் குரல் வந்ததே இல்லை. யார் என்ன என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காததால்தான் நின்று கேட்டார்கள். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும், ஒருவரும் அசையாமல். கேட்டு முடித்ததும் முதலில் திரும்பியவர்கள் பெண்கள். பிறகு ஆண்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேறு ஒன்றும் நடக்காத மாதிரி மேற்கே நடந்தார்கள்.

பள்ளி வாசலோடு ஒட்டிய அறையில்தான் ஒலிபெருக்கிப் பெட்டி. பஸ்மினா கருவியைப் பார்க்கவென்று வெளியே நின்றிருக்கிறாள். மைதானத்தில் பாடசாலைப் பிள்ளைகளைத் தவிர ஒருவருமில்லை, சனம் கடல் பக்கம் போகிறது என்று போன் வந்திருக்கிறது. மைக்கைப் போடுவதற்கு ஹாதிக் அலுமாரிப் பூட்டின் திறப்பைத் தேடித் தடுமாறியபோது அவள் உள்ளே போய் மைக்கைப் பறித்துவிட்டாள். மைக் ஏற்கெனவே போட்டபடிதான் இருந்திருக்கிறது, அவள் திறப்புக் கேட்டதும் ஊருக்குக் கேட்டுவிட்டது.

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் கூட்டம் கூடியது. சிலருக்கு ஒத்திகை நாசமாய்ப் போனது பெரிதாகப் படவில்லை, பள்ளி ஒலிபெருக்கியில் ஒரு குமர்ப்பிள்ளை கதைத்ததுதான் பெரிதாகப் பட்டது. கொழும்பு அதிகாரி ஹாதிக்கின் போன் வழியாக ஒரு யோசனை சொன்னார். சுபியானின் குரலே நல்ல குரல், முன்னால் ஒரு சைரன் போட்டுவிட்டால் போதும், சனம் பழகிவிடும். பலருக்கு அது சரியாகப் பட்டது. எல்லாரும் சுபியானைப் பார்த்தார்கள்.

அவர் பின்வரிசையில் தூணில் சாய்ந்திருந்தார். எழும்பவில்லை.

"என்ட பொண்டாட்டி நான் முன்னுக்கு இரிக்கக்குள்ள என்னட்டயே கேட்டாள், ஆரு மௌத்தெண்டு. நானும் சொன்னன் இன்னாலில்லாஹி. நீங்க சைரன் போடுங்க, மத்தளம் அடிங்க. என்ட குரலுக்கு இந்தச் சனம் அழத்தான் வரும், ஓடாது. எடுங்க அத."

அப்படியானால் அந்தப் பிள்ளையின் குரலைப் போடச் சொல்கிறீரா என்று நிர்வாகத்தில் ஒருவர் கோபமாகக் கேட்டார். தனக்கும் அது பிடித்தமில்லை என்றார் சுபியான். பிடிக்குமா என்று கடல் கேட்காது என்றும் சொன்னார். இமாம் வாய் திறந்தார், உயிரைக் காக்கிற இடத்தில் அது ஆணின் குரலா பெண்ணின் குரலா என்று பார்ப்பதில்லை என்றார். கோபப்பட்டவர் விடவில்லை. இமாம் மெல்ல அவரைப் பார்த்து, இன்று காலை நீங்கள் எந்தப் பக்கம் நடந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். வாசலில் கிடந்த கோபக்காரரின் செருப்பில் கடற்கரை மணல் இருந்தது. கூட்டம் முடிந்தது.

அடுத்த நாள் சுபியான் கல்முனைக்குப் போனார். பஸ்மினா கடிதத்தை ஆயத்தமாக வைத்திருந்தாள். அவள் முகத்தில் தெளிவில்லை. கொழும்பிலிருந்து அவளையே குரல் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மேசையில் இன்னொரு தாள் கிடந்தது. அது அவளுக்கானது, கையொப்பம் இல்லாமல்.

"அதுவும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் எண்டதா?" என்று கேட்டார்.

களஞ்சியத்துக்கு எல்லாம் ஒரே உரிமம்தான் என்றாள். பிறகு மெதுவாக, தன்னுடையதை மட்டும் எச்சரிக்கைக்கு மாத்திரம் என்று கட்டுப்படுத்தித் தர முடியுமா என்று கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னாள். வீட்டில் வாப்பா விரும்பவில்லை. அவளுக்கும் பயம். பெண்பிள்ளையின் குரல், எவன் எடுத்து எதைச் சொல்ல வைப்பான் என்று யாருக்குத் தெரியும்.

சுபியான் அந்தத் தாளைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப எனக்கு வாசல் திறந்து கெடக்கும். உங்களுக்குக் கதவு வேணும்."

பஸ்மினாவின் முகம் சிவந்தது. அவள் சண்டைக்கு வரவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்தாள். "ஓம் மாமா. நான் அப்படித்தான் கேட்டிரிக்கன்," என்றாள். "ஒரே மாதிரித்தான் இரிக்கணும். நானும் திறந்தே தாறன்." பேனையை எடுத்தாள்.

"வைங்க பேனைய."

அவள் நிமிர்ந்தாள்.

"எனக்குச் செஞ்ச பிழைய உங்களுக்கும் செஞ்சா கணக்குச் சரியாப் போகுமா? கதவு வேணும் எண்டு கேட்டீங்கதானே, அது சரியான கேள்வி. உங்களுக்கு மட்டும் கேக்காதீங்க. குரல் குடுக்கிற எல்லாருக்கும் கேளுங்க. திறந்து வைக்கிறவன் திறந்து வைக்கட்டும், கண் தெரியாத பொடியனுக்கு வாசிக்கட்டும். சாத்தி வைக்கணும் எண்டவன் சாத்தி வைக்கட்டும். அதுவரைக்கும் கையொப்பம் வைக்காதீங்க."

பிறகு தன்னுடைய கடிதத்தை வாங்கினார். அதை அவள் வாசித்துக் காட்ட வேண்டும் என்றார். ஒரு முறை வாசித்தாள். நம்பிக்கையில்லாமல், வெளியே படியில் இருந்த வேறு ஒரு ஆளைக் கூப்பிட்டு இன்னொரு முறை வாசிக்க வைத்தார். இரண்டும் ஒன்றாக இருந்த பிறகுதான் கையொப்பம் வைத்தார். எடுத்துப் போனவர்களிடம் கிடக்கிற குரல் அங்கேயே கிடக்கட்டும், அதற்கு அவர் ஒன்றும் செய்ய முடியாது. இனி எடுக்க வருகிறவனுக்கு இல்லை. அந்த அளவுக்கு அவருடையது அவரிடம் திரும்பி வந்தது.

கொழும்பிலிருந்து பதில் வர மாதங்கள் எடுத்தன. வராது என்றுதான் சுபியான் நினைத்திருந்தார். வந்தது. குரல் கொடுப்பவரை நேரில் கண்டு கேட்க வேண்டும், எல்லாவற்றுக்கும் திறப்பதா, பொது எச்சரிக்கைக்கு மட்டுமா என்று அவரே தெரிவுசெய்ய வேண்டும் என்று புதிய ஒழுங்கு. பஸ்மினா இரண்டாவதைத் தெரிவுசெய்து தன் குரலைக் கொடுத்தாள். கண்ணால் காணும்வரை நம்பமாட்டேன் என்று சொல்லி சுபியான் அந்தத் தாளைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்.

மறு ஒத்திகை ஒரு சனிக்கிழமை. ஒலிபெருக்கி சிணுங்கியது, பெண்ணின் குரல் வந்தது. தெருவில் கதவுகள் திறந்தன. ஸம்ஸியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பொம்பிளை சொல்லி நீங்கள் எழும்பி நடக்கிற காலமும் வந்துவிட்டதே என்றாள். சுபியான் செருப்பைப் போட்டார்.

சனம் மேற்கே போனது, பேசிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கொஞ்சம் அவசரமாகவே. சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரர் அவர் பக்கத்தில் வந்து சேர்ந்தார். மனிதருக்குக் குசும்பு அடங்கவில்லை.

"என்ன காக்கா, இண்டைக்கு ஆரு மௌத்து?"

"இன்னும் ஒருத்தருமில்ல," என்றார் சுபியான். "நடங்க."